டாக்டர் ரிவர்ஸ் சரித்திரம்

நமது கலாசாலைப் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியிற் பெரியோர் சரித்திரங்கள் ஆண்டுதோறும் வெளிவருதல் வழக்கம். அரசர், புலவர், தேசபக்தர் முதலியோரைப்பற்றி அன்பர் பலர் நிரம்ப எழுதியிருக்கின்றனர். இவ்வாண்டு நாம் எழுதப் புகுவது ஓர் ஆங்கில வைத்தியரைப்பற்றி. அவர் பெயர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் என்பது. ஈற்றுச்சொல் இருமுறை வந்திருப்பது அச்சுக்கோப்பவர் பிழையன்று. அவர் பெயரே அத்தகையது. உளநூல் மாணாக்கர் அவரை ஒருவாறு அறிவர். ஏனையோர்க்கு அவர் புதியராகவும் இருக்கலாம். அவரை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமாகிய ஒரு சிறு நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுதல் நலம்.

நாம் பிறந்த ஊர் குயிலாப்பாளையம். செம்மண் மேட்டின்மேல் முந்திரித் தோப்புக்களின் நடுவே அமைந்த ஊர் அது. கிழக்கே இறங்கினாற் கடல். கடற்கரைச் சாலைவழியே வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்து நம் கரையோரத்துக் குப்பங்களைப் பாழ்படுத்தியதை யாவரும் அறிவர். அடுத்த கோடையில் தொண்டு செய்ய வந்த ஒரு கூட்டத்தார், துன்புற்ற மக்களின் மனநிலையை அளந்தறியவேண்டுமென்று அச்சிட்ட வினாத்தாள்களைக் கொணர்ந்தனர். உளநூல் கற்கத் தொடங்கியிருந்த நாமும் அவர்களோடு சென்றோம். உப்பளத்திற் கூலிவேலை செய்யும் முதியவர் ஒருவரை, ஆயா என்று அழைத்து, வரப்பில் அமரச்செய்து கேட்கத் தொடங்கினோம். சென்ற இரு வாரங்களிற் கெட்ட கனவு எத்தனை முறை வந்தது என்பது ஒரு வினா. விடைக்கு உரியன 0, 1, 2, 3 என்னும் நான்கு கட்டங்கள்.

ஆயா எண் ஒன்றும் சொல்லவில்லை. கனவையே சொல்லத் தொடங்கினார். கனவிற் கடல் வருவதில்லையென்றும், வெள்ளை வெளேரென்று விளைந்த பாத்தியிலே தாம் உப்பை வாரிக்கொண்டேயிருக்கக் குவியல் உயராமலே இருக்கிறதென்றும், அப்போது பின்னாலிருந்து யாரோ தம்மைப் பெயர்சொல்லி அழைப்பதாகவும் கூறிவந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பதினெட்டுத் தாள்கள் நம் கையில் இருந்தன. நாம் இடைமறித்து, இரண்டு முறையா மூன்று முறையா என்று கேட்டோம். அவர் நம்மைச் சற்றுநேரம் நோக்கியிருந்து, உமக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளும் என்ற கருத்துப்படச் சொல்லிப் பலகையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நாம் 2 என்னும் கட்டத்திற் குறியிட்டோம். அழைத்தவர் யார் என்பதைக் கேளாமலே வந்துவிட்டோம்.

நிற்க. பின்னொருநாள் புத்தகசாலையில் ரிவர்ஸ் என்பாரின் நூல்களை நாம் எடுத்துப் படிக்க நேர்ந்தது. எண்களால் அளப்பதிற் கைதேர்ந்த ஒருவர், எண்களுக்கு அகப்படாதவற்றை எங்ஙனம் கேட்டறிந்தார் என்பது அவர் வாழ்க்கையிலே விளங்கக் கிடக்கின்றது. ஆகவே எழுதத் துணிந்தோம்.

ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி, இங்கிலாந்திலே கெண்ட் மாகாணத்தில் சாத்தம் நகரத்தையடுத்த லூட்டன் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் ஹென்றி ரிவர்ஸ் திருச்சபைக் குருவாக இருந்ததோடு, திக்குவாயர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் வல்லவராயிருந்தார். தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்ட் அத்தொழிலிற் பெயர்பெற்றவர்; 1863-இல் இலண்டன் மானிடநூற் சங்கத்தை நிறுவியவரும் அவரே. கறுப்பின மக்களை இழிவுபடுத்தி எழுதிய குற்றம் அம்மாமனுக்கு உண்டு. மருமகனார் அதே நூற்றுறையில் நேர்மாறான வழியிற் சென்றது அக்குடும்பத்தின் நற்பேறு என்றே சொல்லவேண்டும். ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையை எழுதிய லூயிஸ் கரோல், தமது திக்குவாயைத் தீர்த்துக்கொள்ள ஹண்டிடம் வந்து, பின்னர் ரிவர்ஸ் குடும்பத்தாருடன் நட்புப் பூண்டிருந்தார். இத்தனை பேச்சுப் பயிற்சியும் வீட்டிலேயே இருந்தும், குருவின் மூத்த மகனாகிய நம் ரிவர்ஸுக்கு வாய் திக்கிற்று. வாழ்நாள் முழுதும் அக்குறை முற்றிலும் நீங்கவில்லை. பேசுதற்கு வருந்தினவர் பிறர் பேச்சைப் பொறுத்திருந்து கேட்கக் கற்றார் போலும். இஃது நம் ஊகமேயன்றி அவர் சொன்னதன்று.

மற்றொரு விந்தையும் உண்டு. மனக்கண்ணால் எதனையும் உருவப்படுத்திக் காண்கிற ஆற்றல் அவருக்குப் பெரும்பாலும் இல்லை. ஐந்து வயது வரையில் தாம் வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் நினைவிலிருக்க, மேல்தளம் மாத்திரம் அறவே மறந்துபோயிற்றென்று அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார். அம்மறதிக்குக் காரணம் யாதென்று தம்மையே ஆராய்ச்சிப்பொருளாக வைத்து அவர் பலகாற் சிந்தித்ததுண்டு.

டன்பிரிட்ஜ் பள்ளியிற் கற்றுக் கேம்பிரிட்ஜுக்குச் செல்லவேண்டிய காலத்திற் குடற்காய்ச்சல் கண்டமையால் உபகாரச் சம்பளப் பரீட்சையை எழுத இயலாது போயிற்று. எனவே இலண்டன் பர்த்தலோமியு ஆஸ்பத்திரியிற் சேர்ந்து, 1886-இல், இருபத்திரண்டாம் வயதில், வைத்தியப் பட்டம் பெற்றார். கப்பல் வைத்தியராகச் சிலகாலம் உலாவினார். பின்னர் நரம்பு நோய்க்குரிய இலண்டன் தேசிய ஆஸ்பத்திரியிற் பணியேற்று, ஹென்றி ஹெட் என்னும் வைத்தியரின் நட்பைப் பெற்றார். 1892-இல் ஜெர்மனியிலுள்ள யேனா நகரத்திற்குச் சென்று கற்கையிலேதான், மனநோயையும் உளநூலையுமே தம் துறையாகக் கொள்வதென்று உறுதிசெய்தார். மறுவருடமே கேம்பிரிட்ஜிற் புலன்களின் இயல்பைப்பற்றி விரிவுரை செய்ய அழைக்கப்பட்டார். இங்கிலாந்திற் பரிசோதனை உளநூலுக்கென 1897-இல் முதன்முதல் ஏற்பட்ட சாலைகளில் அவர் கைபடாதது இல்லை எனலாம்.

இளமையில் அவர் எத்தகைய ஆராய்ச்சியாளர் என்பதை இங்குக் கவனித்தல் வேண்டும். கண் எவ்வளவு தூரத்திலுள்ள எழுத்தைக் காணும், எத்தனை நிறங்களைப் பிரித்தறியும், களைத்த விரல் எத்தனைமுறை எடையைத் தூக்கும் என்றிவற்றைக் கருவிகளால் அளந்து எண்களாக்குவதே அவர் தொழில். மதுவும் காப்பியின் சத்தும் உழைப்பை எங்ஙனம் மாற்றுகின்றன என்று சோதித்தபோது, குடித்தது மருந்தா அன்றி வெறும் நீரா என்பது குடித்தவருக்கே தெரியாதபடி சுவையை மறைத்துக் கொடுத்தார். அளவையில் அவ்வளவு கண்டிப்பு.

1898-இல் ஹாடன் என்னும் பேராசிரியர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையேயுள்ள டோரஸ் ஜலசந்தித் தீவுகளுக்கு ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தை அழைத்துச் சென்றார். ரிவர்ஸும் உடன் சென்றார். நாகரிகமற்றோர் எனப்பட்ட அம்மக்களுக்குக் கட்பார்வை முதலியன வியக்கத்தக்க கூர்மையுடையன என்று ஐரோப்பியர் நம்பிவந்தனர். அளந்து பார்க்கையிற் பெரிய வேறுபாடு ஒன்றும் காணப்படவில்லை. அளவை அங்கே ஒரு பொய்யை அகற்றிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் அத்தீவிலேதான் அவருக்கு வேறொரு வழியும் புலப்பட்டது. உறவினருள் இந்தப் பார்வைக்கூர்மையும் நிறக்குருடும் பரம்பரையாக வருகின்றனவா என்று அறிய விரும்பி, ஒவ்வொருவரிடமும் தாய், தந்தை, உடன்பிறந்தார், அவர்தம் மக்கள் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு வம்சாவளி எழுதலானார். சிற்றப்பனை எவ்வாறு அழைப்பீர், திருமணத்தில் யாருக்கு என்ன உரிமை என்று பொதுப்படக் கேட்டபோது மயங்கியவர்கள், பெயர் குறித்துக் கேட்டபோது தடையின்றிச் சொன்னார்கள். இன்னார் இறந்தபோது நிலம் யாருக்குச் சென்றது, இன்னாளை மணந்தவர் அவளுக்கு முன்னமே என்ன உறவு என்றாற்போலக் கேட்கக்கேட்க, ஓர் ஊரின் சட்டம், ஒழுக்கம், சண்டை, துக்கம் யாவும் அப்பெயர்களின் பின்னே வந்து நின்றன. மானிடநூலார் இன்றளவும் கையாளும் வம்சாவளி முறை இவ்வாறு பிறந்தது. 1910-இல் அவர் அதனை விளக்கி எழுதிய கட்டுரை பிரசித்தமானது.

இனி நம் நாட்டுத் தொடர்புக்கு வருவோம். 1901-ஆம் ஆண்டின் இறுதியில் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து, 1902 வரையிற் சில மாதங்கள் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்தார். தோடர் அக்காலத்தில் ஏறக்குறைய எண்ணூறு பேரே. எருமையே அவர்களுக்குச் செல்வம், பால்மனையே கோயில், பால் கறந்து தயிர் கடைகின்றவனே பூசாரி. ரிவர்ஸ் அம்மக்கள் மொழியை அறியார். ஆகையால் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே பேசவேண்டியிருந்தது. அவர்களுள் முக்கியமானவர் சாமுவேல் என்னும் கிறிஸ்தவ உபதேசியார். நம்மைப் போன்ற ஒரு தென்னாட்டவருடைய நாவின் வழியாகவே அப்பெருநூலின் பெரும்பகுதி ஓடிவந்தது என்பதை நம் கலாசாலை மாணாக்கர் அறிந்துகொள்வது நன்று.

அளக்கும் வேலையையும் அவர் விட்டாரில்லை. தோட ஆண்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு நிறக்குருடு உண்டென்று கண்டது அப்போதுதான். ஆயினும் அவர் நேரத்தைப் பெரிதும் கவர்ந்தது உரையாடலே. ஒரு சடங்கைப்பற்றி ஒருவர் கூறியதைத் தனியே எழுதிக்கொள்வார். அச்செய்தியை அறியாத வேறொருவரிடம், வேறொரு நாளில், வேறொரு வழியாக அதையே கேட்பார். இருவர் கூற்றும் பொருந்தினால் ஏற்பார். முரண்பட்டால், பொய் என்று தள்ளாமல், முரண்பாட்டிற்குக் காரணம் யாதென்று தேடுவார். சில இடங்களில் அம்முரண்பாடே புதிய செய்தியைக் காட்டிற்று. பிறர் சொல்லக் கேட்டல் எளிய வேலையென்றும், அளத்தலே கடின வேலையென்றும் எண்ணுகின்ற நம் மாணாக்கர் சிலர் ரிவர்ஸின் இந்தப் பழக்கத்தைக் கருதிப் பார்ப்பாராக.

பெயர்களைக் கேட்பதில் நீலகிரியில் ஓர் இடையூறு நேர்ந்தது. இறந்த உறவினர் பெயரைத் தோடர் தம் வாயாற் சொல்லமாட்டார்கள். வம்சாவளியோ இறந்தோர் பெயரின்றி எழுத இயலாதது. ரிவர்ஸ் வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தாரின் முன்னோர் பெயரை அக்குடும்பத்தைச் சாராத பிறரிடம் கேட்டறிந்தார். ஒருவருடைய துக்கத்தை மீறாமல் உண்மையை அறிய ஒரு சுற்றுவழி உண்டென்று கண்டார். இது புத்திசாதுரியம் மட்டுமன்று, மரியாதையும் ஆகும் என்பது நம் கருத்து.

ஆயினும் அவர் செயல் முற்றிலும் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. பால்மனைகளின் இரகசியங்களையும் புனிதமான இடங்களையும் அவருக்குச் சொல்லியும் காட்டியும் உதவினவர்களுக்கு ஒருவர்பின் ஒருவராகத் துன்பம் வந்தது. ஒருவர் நோய்ப்பட்டார், இன்னொருவர் மனைவியை இழந்தார். குறி சொல்வோர், அந்நியனுக்கு மறைபொருளை வெளிப்படுத்தியதனால் தெய்வங்கள் சினந்தன என்றனர். பின்னர்ச் சிலர் அவரிடம் பேச மறுத்தனர். ரிவர்ஸ் இச்செய்தியை மறைக்கவில்லை, நூலிலேயே எழுதிவைத்தார். தெய்வ கோபத்தை நாம் நம்பினும் நம்பாவிடினும், மனைவியை இழந்த அம்மனிதர் தம் வாய்ச்சொல்லே அதற்குக் காரணம் என்று எண்ணி எத்தனை இரவு விழித்திருந்திருப்பார்! கேட்பவன் குறிப்பேட்டை மூடிக்கொண்டு கப்பலேறிவிடுகிறான். சொன்னவன் அங்கேயே இருக்கிறான். மனநோய் ஆராய்ச்சியிற் புகுகின்றவர் யாவரும் முதலிற் படிக்கவேண்டிய பக்கம் அதுவென்று நாம் எண்ணுகிறோம்.

தோடர்களைப்பற்றிய அப்பெருநூல் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டதாய் 1906-இல் வெளிவந்தது. அதிற் குறைகளும் உள. மொழியறியாமையால் தோடருடைய பாட்டுக்களின் அருமை அவருக்கு எட்டவில்லை. 1935 முதல் அம்மலையிலிருந்து மொழியைக் கற்ற எமனோ என்னும் அறிஞரே அதனை உலகிற்குக் காட்டினார். தோடர் மலையாள நாட்டிலிருந்து வந்தவராகலாம் என்று ரிவர்ஸ் கூறியதும் ஊகமே.

ஊர் திரும்பியபின் அவர் செய்த ஒரு சோதனை நம்மவர்க்குப் புராணக் கதைபோலத் தோன்றும். 1903 ஏப்ரல் மாதத்தில் நண்பர் ஹெட் தமது இடக்கையின் நரம்பைத் தாமே மனமுவந்து அறுத்துக்கொள்ளச் செய்தார். உணர்ச்சி சிறிது சிறிதாகத் திரும்பிவருவதை நான்கு ஆண்டுகள்வரை, ரிவர்ஸ் தம் கலாசாலை அறையில், ஊசியாலும் பஞ்சாலும் குளிர்ந்த குழாயாலும் தொட்டுத்தொட்டுக் குறித்துவந்தார். ஹெட் கண்ணை மூடிக்கொண்டு தாம் உணர்ந்ததைச் சொல்வார். எங்கே தொட்டது, எவ்வளவு அழுத்தம் என்பன எண்கள். அது எத்தகைய வலி என்பதோ ஹெட் சொன்னாலன்றித் தெரியாதது. இருவகை அறிவும் ஒரே மேசையின்மேல் இருந்தன. 1908-இல் அச்சோதனை வெளியாயிற்று; அவ்வாண்டே ரிவர்ஸ் ராயல் சங்கத்தின் அங்கத்தினருமானார். மெலனேசியத் தீவுகளுக்கு அவர் சென்றதும், 1914-இல் இரு பாகங்களாக ஒரு நூல் வெளியிட்டதும் இங்கு விரிக்கவேண்டுவதில்லை. பிற்காலத்தில், உலகத்து வழக்கங்கள் யாவும் சில இடங்களிலிருந்து பரவியவை என்னும் எலியட் ஸ்மித்தின் கொள்கையில் அவர் ஈடுபட்டது, காதைவிட்டுக் கற்பனையைப் பிடித்த செய்கை என்றே நமக்குப் படுகிறது.

1914-இல் உலக யுத்தம் மூண்டது. பீரங்கி முழக்கத்தின் நடுவே அகழிகளில் மாதக்கணக்கிற் கிடந்த வீரர்களுட் பலர், உடம்பிற் காயமின்றியே பேச்சிழந்தும், கைகால் மடங்கியும், இரவுதோறும் அலறியெழுந்தும் வருந்தினர். சிலர் அவர்களைக் கோழையர் என்றனர். மருத்துவருட் சிலர் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பேசவைத்தனர்; இலண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்பவர் அம்முறையிற் பேர்பெற்றிருந்தார். ஐம்பது வயதைக் கடந்த ரிவர்ஸ் 1915-இல் லிவர்பூலுக்கருகே மாகல் என்னும் ஆஸ்பத்திரியிற் சேர்ந்து, 1916-இல் எடின்பரோவையடுத்த கிரெயிக்லாக்கர்ட் என்னும் அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்.

அங்கே அவர் கையாண்ட மருந்து உரையாடலே. நடந்ததை மறந்துவிடு, நினையாதே, வேறெதையாவது எண்ணிக்கொள் என்பதே அந்நாளைய புத்திமதி. உறவினரும் வைத்தியரும் அதனையே கூறினர். பகலில் வலிந்து மறந்தவை இரவிற் கனவாகி வருவதை ரிவர்ஸ் கண்டார். ஆகவே நினைவை எதிர்கொண்டு, அதனோடு வாழத்தக்க ஒரு பக்கத்தை அதிலேயே தேடும்படி நோயாளருக்கு உதவினார். பிராய்டின் கொள்கைகளை அவர் கற்றிருந்தார். மறதியும் கனவும் பற்றிய பகுதிகளை ஏற்று, யாவற்றுக்கும் காமமே வேர் என்பதைப் போர்நோயில் ஏற்க மறுத்தார். தாம் கேட்ட கதைகளில் அது காணப்படவில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

1917 டிசம்பரில் வைத்தியச் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையிலுள்ள இரு வரலாறுகளை மாத்திரம் இங்குச் சொல்வோம். ஓர் அதிகாரி தம் நண்பனைத் தேடிச் சென்று, குண்டினாற் சிதறிக் கிடந்த உடலைக் கண்டார். அன்று முதல் அச்சிதைந்த உருவம் கனவில் அவரை நோக்கி வந்தது. ரிவர்ஸ் அவர் கதையை முழுதும் கேட்டபின், அவ்வாறு சிதறியதே நண்பர் நொடிப்பொழுதில், நோவறியாமல் இறந்ததற்குச் சான்று என்று எடுத்துக்காட்டினார். சின்னாட்கள் கழித்துக் கனவு மாறிற்று. அதிகாரி கனவிலே நண்பர் அருகில் மண்டியிட்டு, அவர் உடலிலிருந்த பொருள்களை மெல்லக் கழற்றுகின்றார். விழித்தபோது திகிலில்லை, துக்கமே இருந்தது. கனவு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க. கட்டத்தில் இடும் எண் இம்மாற்றத்தைக் காட்டியிராது. மாறியது எண் மாத்திரமன்று.

மற்றவர் கதை வேறு. குண்டு வெடித்த வேகத்தில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பகைவர் பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்தவர் அவர். அந்நினைவில் ஆறுதலுக்குரிய ஒரு பக்கம் உண்டோவென்று ரிவர்ஸ் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. தமது முறை இங்கே பயன்படவில்லையென்று ஒப்புக்கொண்டு, அவரைச் சேனையை விட்டு நீங்கி, முன்னர் அவருக்கு அமைதி தந்த நாட்டுப்புறத்திற்குச் செல்லும்படி கூறினார். வெற்றியை அச்சிட்ட அதே கட்டுரையிலே தோல்வியையும் அச்சிட்டார்.

இன்னொருவர், தாமே வைத்தியராயிருந்த ஓர் இராணுவ அதிகாரி, மூடிய இடங்களுக்கு அஞ்சினார். நிலவறையில் உறங்க முடியாமல் இரவெல்லாம் அகழியில் நடந்துகொண்டிருப்பார். கனவுகளை எழுதிவைத்து நினைவைத் துருவுகையில், மூன்று நான்கு வயதிற் பழம்பொருள் வாங்கும் கிழவன் வீட்டிற்குத் தனியே போய் ஏதோ விற்று அரைப்பென்னி பெற்றதும், திரும்புகையில் இருண்ட நடையின் கதவு மூடிக்கொள்ள, மறுமுனையில் நாய் உறுமியதும் நினைவிற்கு வந்தன. அப்படியொரு கிழவன் அங்கு வாழ்ந்ததுண்டா என்று பெற்றோரை விசாரித்தபோது உண்டென்று தெரிந்தது. நீலகிரியில் ஒருவர் கூற்றை இன்னொருவரிடம் ஒத்துப்பார்த்த கையல்லவா அது! அச்சமும் பின்னர் நீங்கிற்று.

1917 ஜூலையில் சீக்பிரிட் சசூன் என்னும் கவிஞர் அவ்வாஸ்பத்திரிக்கு வந்தார். வீரத்திற்குப் பதக்கம் பெற்ற அவர், யுத்தம் வீணே நீட்டிக்கப்படுகிறது என்று பகிரங்கமாக அறிவித்து மேலும் போரிட மறுத்தவர். இராணுவ விசாரணைக்கு உட்படாமல் நண்பர் முயற்சியால் நோயாளியெனக் கொண்டுவரப்பட்டார். அவரிடம் நோயொன்றும் இல்லை என்பதை ரிவர்ஸ் விரைவிற் கண்டார். வாரந்தோறும் பலமுறை இருவரும் உரையாடினர். முடிவில் சசூன், தம் படைவீரரைப் பிரிந்திருக்க மனமின்றித் தாமே போர்முனைக்குத் திரும்பினார். ஆயுள்முழுதும் ரிவர்ஸைத் தந்தைபோற் போற்றினார்.

இங்கே நம் மனம் தடுமாறுகின்றது. பரிவோடு கேட்டு ஆற்றியது எதற்காக? மீண்டும் அகழிக்கு அனுப்புதற்கன்றோ! மின்சாரம் பாய்ச்சியவரும் இவரும் ஒரே தலைவனுக்கே உழைத்தனர் என்று பிற்காலத்தவர் குறை கூறுவர். அன்றியும் இத்தகைய நீண்ட உரையாடல் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே வாய்த்தது. சாதாரணச் சிப்பாய்க்கு அவ்வளவாகக் கிட்டவில்லை. இக்குறையை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் ரிவர்ஸ் அதனை அறியாதவருமல்லர். சசூனோடு பேசிவந்த காலத்தில் தாம் கண்ட ஒரு கனவை அவரே பிரித்து ஆராய்ந்து எழுதியிருக்கின்றார். நோயாளியின் வாதம் தம் உள்ளத்தை அசைத்துவிட்டதென்றும், இராணுவ உடை தரித்திருக்குமளவும் தாம் சுதந்தரமாகப் பேசுகின்றவர் அல்லரென்றும் அக்கனவு காட்டியதாக ஒப்புக்கொண்டார். கேட்கின்றவன் அணிந்திருக்கும் உடையும் கேட்கப்படும் விடையை மாற்றும் என்பதை இவ்வாறு தம்மைக்கொண்டே காட்டினவர் அக்காலத்து மருத்துவருள் வேறு யார் இருந்தனர் என்பது நமக்குத் தெரியவில்லை. நாமும் உப்பளத்திற்குச் சென்றபோது கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கிற்று. ஆயா அதனை முதலிற் பார்த்துவிட்டே நம் முகத்தைப் பார்த்தார்.

போர் முடிந்தபின் ரிவர்ஸ் கேம்பிரிட்ஜில் தூய யோவான் கலாசாலைக்குத் திரும்பினார். முன்னெல்லாம் தனித்திருந்தவர் இப்போது மாணாக்கர் யாவரும் வந்து செல்லும்படி அறைக்கதவைத் திறந்துவைத்தார். 1920-இல் இயல்பூக்கத்தையும் நனவிலி மனத்தையும் பற்றிய நூலை வெளியிட்டார். பம்பாயிலிருந்து சென்ற குர்யே என்னும் மாணவர் அவரிடம் பயின்று, பின்னர் நம் நாட்டிற் சமூகநூற் கல்விக்கு அடிகோலினார். அரசியலிலும் இறங்கி, 1922-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலண்டன் சர்வகலாசாலைத் தொகுதியில் தொழிற்கட்சி அபேட்சகராக நிற்க ரிவர்ஸ் இசைந்திருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம், பெந்தெகொஸ்தே விடுமுறையிற் கலாசாலை வெறிச்சோடியிருந்தபோது, திடீரெனக் குடல்நோயுற்றார். 4-ஆம் தேதி, ஐம்பத்தெட்டாம் வயதிற் காலமானார். கனவுகளைப்பற்றிய அவர் நூல் மறுவருடம் வெளிவந்தது. அவருடைய இராணுவ உடைக் கனவு அதிலேதான் இருக்கின்றது.

அவருக்குப் பின் மனநோய் ஆராய்ச்சி எண்களின் வழியே வெகுதூரம் சென்றது. அளவுகோல்களும் வினாத்தாள்களும் பெருகின. அவற்றால் நன்மையும் மிக விளைந்தது. எந்த மருந்து எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதை ஆயாக்களின் கதைகளைக் கேட்டே அறிந்துவிட முடியாது. ஆனால் எதனை அளப்பது, அளந்தது யாதென்பதை நோயுற்றவர் வாய்ச்சொல்லன்றி வேறெதுவும் கூறாது. இதனை உணர்ந்த அறிஞர் சென்ற சில பத்தாண்டுகளாகப் பண்புசார் ஆய்வு என்னும் பெயரால் நேர்காணலையும் நோயாளர் வரலாற்றையும் மருத்துவ உளநூலில் மீண்டும் இடம்பெறச் செய்துள்ளனர். அவர்கள் புதிது கண்டதாக எழுதும் சில விதிகள் 1906-ஆம் ஆண்டு நூலிலேயே கிடக்கின்றன.

நாம் சென்ற ஆண்டு விடுமுறையிற் குயிலாப்பாளையம் சென்றிருந்தபோது மரக்காணத்திற்கும் போய், அந்த உப்பளத்து வரப்பிற் சிறிதுநேரம் நின்றோம். ஆயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின என்று அங்கு வேலைசெய்தவர்கள் கூறினர். அவருக்கு மக்கள் எத்தனை பேர், கடல் பொங்கிய அன்று அவர் வீட்டில் யார் யார் இருந்தனர் என்று விசாரித்தோம். பாத்தியில் நின்ற ஓர் அம்மாள் பலகையைக் கீழே வைத்துவிட்டு, விரல்விட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்.